குளிரில் ஓடுகிறீர்களா? ஒரு கெட்டி ஸ்வெட்டரை விட மூன்று மெல்லிய உடுப்பு மேல்!

மார்கழி, தை வந்துவிட்டால் குன்னூரில் என் வைத்தியசாலைக்கு இரண்டு தினுசான ஆட்கள் வருவார்கள். ஒரு தினுசு, "நல்லா கெட்டியா ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் போட்டுக்கிட்டுத்தானே டாக்டர் ஓடினேன்? அப்புறமும் ஏன் இப்படி நடுங்குது?" என்று கேட்பவர்கள். இன்னொரு தினுசு, "உடம்புக்குக் குளிர் பழகட்டும்" என்று வெறும் பனியனோடு ஓடிவிட்டு, விரல் மரத்து, தொடை பிடித்துக்கொண்டு வருபவர்கள். பார்த்தால் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் இருவரும் மறந்தது ஒன்றைத்தான். வியர்வை!

நம் சித்த மருத்துவத்தில் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. அந்தந்தப் பொழுதுக்கு ஏற்ற உணவு, உடுப்பு, உழைப்பு என்று ஒழுக்கம் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் இதைப் படித்த காலத்தில், திருநெல்வேலி வெயிலில் எனக்கு ஸ்வெட்டர் என்ற பொருளைத் தொட வேண்டிய அவசியமே வந்ததில்லை. மலைக்கு வந்த பிறகுதான் முன்பனி என்றால் என்ன என்று உடம்பு படித்துக்கொண்டது.

கடல் மட்டத்திலிருந்து மேலே ஏற ஏற, 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வீதம் காற்று குளிர்ந்துகொண்டே போகும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சமவெளியை விட 14, 15 டிகிரி குறைவு. உறைபனி விழும் காலைகளில் புல்வெளியெல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள், பள்ளி விளையாட்டு விழாவுக்குத் தயாராகும் பிள்ளைகள், சர்க்கரை குறைய வேண்டுமே என்று நாற்பதைத் தாண்டிய அப்பாக்கள் எல்லோரும் ரோட்டில் ஓடுகிறார்கள். ஓடட்டும், நல்லதுதான். எதைப் போட்டுக்கொண்டு ஓடுவது என்பதுதான் கேள்வி.

உள்ளே ஓர் அடுப்பு

ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் கால் பங்குதான் ஓட்டமாகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாகத்தான் வெளிவருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 300 கலோரி செலவாகும். அதில் 225 கலோரி வெறும் சூடு. இந்தச் சூடு வெளியே போக வழியில்லாவிட்டால், உடல் வெப்பம் 4 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடம்பு 41-ஐத் தொட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் உடம்பு வியர்க்கிறது. வெளியில் பூஜ்ஜியம் டிகிரி இருந்தாலும் வியர்க்கும். கெட்டி ஸ்வெட்டரைப் போட்டு மூடினால் இன்னும் அதிகமாக வியர்க்கும். அந்த வியர்வை துணியில் இறங்கி ஊறிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை தெரியாது. ஓட்டத்தை நிறுத்தி, டீக்கடை வாசலில் நாலு பேரோடு நின்று பேசும்போதுதான் வினை. அடுப்பு அணைந்துவிட்டது, சட்டையோ சொட்டச் சொட்ட ஈரம். அசையாத காற்றை விடத் தண்ணீர் சூட்டைக் கடத்துவதில் சுமார் 25 மடங்கு வேகமானது. ஐந்து நிமிடத்தில் முதுகெலும்பு சில்லிட்டு, பல் தந்தி அடிக்கும்.

காலையில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் சிட்டுக்குருவியைக் கவனித்திருக்கிறீர்களா? இறகையெல்லாம் உப்பிக்கொண்டு பந்து மாதிரி இருக்கும். இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் அதற்குப் போர்வை. நமக்கும் அதே கதைதான். கதகதப்புத் தருவது கம்பளிக்குள்ளும், இரண்டு உடுப்புகளுக்கு நடுவிலும் சிக்கி நிற்கும் காற்று. அதனால் ஒரு கெட்டி உடுப்பை விட இரண்டு, மூன்று மெல்லிய உடுப்புகள் அதிகக் காற்றைப் பிடிக்கும். இன்னொரு பெரிய சௌகரியம், சூடு ஏறியதும் ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ஒரே ஸ்வெட்டரில் பாதியைக் கழற்ற முடியுமா?

எந்த உடுப்பு எங்கே?

உடம்பை ஒட்டிய முதல் உடுப்புதான் முக்கியம். இங்கேதான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. எல்லோரும் போடுவது பருத்தி பனியன். வெயில் ஊருக்குப் பருத்தியைப் போல உண்டா? ஆனால் குளிரில் ஓடுகிறவருக்கு அது எதிரி. வியர்வையைக் குடித்துக் கனத்து, தோலோடு ஒட்டிக்கொண்டு, காயவே காயாது. அதற்குப் பதில் விளையாட்டுக் கடைகளில் விற்கும் பாலியெஸ்டர் பனியனை வாங்குங்கள். பாலியெஸ்டர் நூல் தன் எடையில் நூற்றில் அரைப் பங்கு ஈரத்தைக்கூட உறிஞ்சுவதில்லை. வியர்வையை வெளிப்பக்கம் தள்ளி உலரவிடும். தோலுக்கு ஒத்துக்கொண்டால் மெல்லிய கம்பளி பனியன் இன்னும் சிறப்பு. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. விலைதான் கொஞ்சம் கூட. இந்த முதல் உடுப்பு தொளதொளவென்று இல்லாமல், உடம்போடு படிந்திருக்க வேண்டும்.

"தோடர்கள் காலங்காலமாகப் பருத்தித் துணியைத்தானே போர்த்திக்கொள்கிறார்கள்?" என்று உதகைக்காரர் ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. அவர்களுடைய புத்குளி கெட்டிப் பருத்தித் துணிதான், சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்தது. ஆனால் அதைப் போர்த்திக்கொண்டு யாரும் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதில்லையே! நிதானமாக நடக்கிறவருக்கு வியர்வை குறைவு. உலர்ந்த பருத்தி நன்றாகவே குளிர் தாங்கும். நனைந்த பருத்திதான் காலை வாரும்.

இரண்டாவது, ஒரு மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் துணிச் சட்டை. இதற்காகப் பெரிய செலவு வேண்டாம். உதகையில் திபெத்தியர்கள் போட்டிருக்கும் கடைகளில் கிடைப்பதே போதும். கனமாகப் பார்த்து எடுக்காதீர்கள், லேசாகப் பார்த்து எடுங்கள்.

மூன்றாவது, காற்றைத் தடுக்க ஒரு மெல்லிய விண்ட்சீட்டர். காற்று இல்லாத நாளில் இது தேவையே இல்லை. பூஜ்ஜியம் டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 5 போல உறைக்கும். விண்ட்சீட்டர் இல்லையா? மொபெட்டில் பால் ஊற்றப் போகும் ஆட்கள் சட்டைக்குள் நெஞ்சோடு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் பந்தய வீரர்களும் மலையிறக்கத்தில் இதைச் செய்தவர்கள்தான். அவசரத்துக்கு நல்ல உபாயம்.

ஒரு எச்சரிக்கை. தொப்பை கரையட்டும் என்று பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் சிலர். இதை நான் கண்டிப்பாகக் கூடாது என்பேன். எடை மிஷினில் குறைவது தண்ணீர்தான், கொழுப்பு அல்ல. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது?

எத்தனை உடுப்பு என்பதற்குத் தெர்மாமீட்டர் காட்டும் அளவோடு ஒரு 10 டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 5 டிகிரி என்றால், 15 டிகிரியில் சும்மா நடக்க எதைப் போடுவீர்களோ அதைப் போட்டு ஓடுங்கள். வாசலைத் தாண்டியதும் முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஓர் உடுப்பு அதிகம் என்று அர்த்தம். அந்த ஐந்து நிமிடக் குளிரையும் குறைக்க வேண்டுமா? வீட்டுக்குள்ளேயே கை காலை வீசி, நின்ற இடத்தில் ஓடி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வெளியே போங்கள். போகும்போது எதிர்காற்றிலும், திரும்பும்போது பின்காற்றிலும் ஓடும்படி பாதையை வைத்துக்கொண்டால், வியர்த்த உடம்பில் காற்று அறையாது.

தலை, கை, கால்

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வார்கள். அது சரியல்ல. மற்ற இடங்களையும் திறந்துவிட்டால், தலை வழியாகப் போவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். குல்லா வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, காதும் நெற்றியும் குளிரைச் சட்டென்று உணரும் இடங்கள். ஆனால் கழுத்துவரை இறங்கும் மங்கி குல்லா ஓட்டத்துக்கு லாயக்கில்லை. காதை இறுக அடைத்துவிட்டால் பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்காது. எங்கள் பக்கம் விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். காது திறந்திருக்கட்டும். மெல்லிய குல்லா போதும்.

குளிரில் உடம்பு, நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காகக் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிவிடும். அதனால் முதலில் மரத்துப்போவது விரல்தான். கையுறை அவசியம். காலுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் போதும். இரண்டு கெட்டி சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். மரத்துப்போன கையை உடனே கொதிக்கும் வெந்நீரில் விடுவதோ, அடுப்பில் காட்டுவதோ கூடாது. உணர்ச்சி இல்லாததால் சுட்டது தெரியாமல் கொப்பளித்துவிடும். சர்க்கரை நோயாளிகள் இதில் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஓடி வந்ததும் பாதத்தை விரல் இடுக்கு வரை பாருங்கள். உதடு வெடிப்புக்கு வெண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், எங்கள் ஊரில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் வராது!

இதை வாய்வு என்று விட்டுவிடாதீர்கள்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படியுங்கள். ரத்தக் குழாய்கள் சுருங்கும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. அதோடு ஓட்டமும் சேர்ந்தால், ஏற்கெனவே குழாயில் அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சு அடைக்கும். நம் ஆட்கள் உடனே என்ன சொல்வார்கள்? "குளிர் காத்து உள்ளே போயிடுச்சு, வாய்வு பிடிச்சிருக்கு, கொஞ்சம் இஞ்சிச் சாறு கொடு."

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை அவர் மனைவி என்னிடம் அழைத்து வந்தார். மூன்று நாளாக, ஓடும்போது நெஞ்சில் பாரம், நின்றால் சரியாகிவிடுகிறது, இடது தோளில் ஒரு குடைச்சல். "வாய்வுக்குச் சூரணம் ஏதாவது கொடுங்க" என்றார். நான் சூரணம் கொடுக்கவில்லை. "இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கம்மா, நடத்தியே கூட்டிப்போகாதீங்க, ஆட்டோ வைங்க" என்றேன். அவருக்கு மனத்தாங்கல்தான். ஆனால் அன்று மாலையே கோவைக்கு அனுப்பி, அடைப்பை நீக்கிக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: ஓடினால் வந்து, நின்றால் போகும் நெஞ்சுப் பாரத்துக்குக் கஷாயம் தேடி அலையாதீர்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் குளிர்ந்த வறண்ட காற்றே இளைப்பைக் கிளப்பும். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மெல்லிய துணி கட்டினால், மூச்சுக் காற்று கொஞ்சம் சூடும் ஈரமும் பெற்று உள்ளே போகும். டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் பையில் இருக்கட்டும். "ஓடினால் சரியாயிடும்" என்று விரட்டாதீர்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. டொரன்டோ, சிகாகோ பக்கம் ஜனவரியில் மைனஸ் 10 சாதாரணம். அங்கேயும் இதே மூன்று உடுப்புக் கணக்குதான், காலுக்கும் இரண்டு உடுப்பு சேரும். கன்னமோ மூக்கு நுனியோ வெளுத்து மரத்துப்போனால், தேய்க்காமல் உடனே வீட்டுக்குள் போகச் சொல்லுங்கள். தோல் உறையத் தொடங்குவதன் அடையாளம் அது.

ஓடி முடித்த பிறகு

வந்ததும் பேச்சு வேண்டாம், முதல் வேலை ஈர உடுப்பை மாற்றுவது. தலையைத் துவட்டி, உலர்ந்த சட்டை மாட்டிக்கொண்டு, அப்புறம் சுக்கு மல்லிக் காபி குடியுங்கள். குளிரில் தாகம் எடுக்காது, ஆனால் சிறுநீர் அதிகம் பிரியும். அதனால் வெதுவெதுப்பாகத் தண்ணீரும் குடிக்க வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் சிலர் குளிருக்கு என்று 'வேறு' ஒன்றைக் குடிக்கிறார்கள். அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே அனுப்பிவிடும். சூடேறியது போல் தோன்றுவது பிரமை.

துவைக்கும்போது பாலியெஸ்டர் பனியனுக்கு வாசனைத் திரவம் போடாதீர்கள், நூலில் படிந்து வியர்வை வெளியேறுவதைத் தடுக்கும். கம்பளியை முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி, தட்டையாகப் போட்டு நிழலில் உலர்த்துங்கள். மூடுபனி நாட்களில் இரண்டு நாளானாலும் துணி காயாது என்பதால், முதல் உடுப்பில் மட்டும் இரண்டு செட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.