சட்டசபை வினாவும் ஊர்க் கணக்கும்

சட்டசபை அங்கத்தினர் ஒருவர் கையில் உள்ள கருவிகள் பல. அவர் மசோதா கொண்டுவரலாம், தீர்மானம் பிரேரிக்கலாம், வரவு செலவுத் திட்டத்தின்மீது வெட்டுப் பிரேரணை கொடுக்கலாம். இவையெல்லாம் நிறைவேறவேண்டுமாயின் பெரும்பான்மையோர் இசைவு வேண்டும். வினாவுக்கு மட்டும் அது வேண்டுவதில்லை. எக்கட்சியையும் சாராத தனியொருவர் எழுந்து வினவினும், பொதுநலம் கருதி மறுக்கத்தக்க சில விஷயங்கள் நீங்க, மந்திரி விடை கூறக் கடமைப்பட்டவராவார். கூறிய விடை அச்சேறி நிலைத்துவிடும். இக்கருவி ஜனங்களின் சுகாதார விஷயத்தில் எங்ஙனம் பயன்பட்டது, எங்கே வழுக்கியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையை இடையிடையே உதாரணமாகக் கொள்வோம். சென்னையிலும் டில்லியிலும் எழுப்பப்படும் வினாவுக்கு விடை கருக்கொள்ளும் இடம் அத்தகைய ஊரே யாதலின், இதனை வேண்டுமென்றே தெரிந்துகொண்டோம்.

வினா கேட்கும் வழக்கம் மிகப் பழையதன்று. இங்கிலாந்தில் 1721-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தென்கடல் கம்பெனியின் பொக்கிஷதாரர் நாட்டைவிட்டு ஓடிப்போனது மெய்தானா என்று பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு வினவியதே பதிவுபெற்ற முதல் வினா என்பர். நம் நாட்டிலோ 1892-ஆம் வருஷத்துச் சட்டம் வினவும் உரிமையை முதன்முதலாக அளித்தது. ஆயினும், விடையைக் கேட்டு வாய்மூடி அமர்ந்துவிடவேண்டும். மேற்கொண்டு ஒரு சொல்லும் கேட்கலாகாது. 1909-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தால், வினவியவரே துணைவினா ஒன்று தொடுக்கலாம் என்றாயிற்று. 1919-ஆம் வருஷத்துச் சட்டத்தின்பின் அவ்வுரிமை சபையில் உள்ள எல்லார்க்கும் கிட்டியது. துணைவினா இல்லாத வினா, பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதோடொக்கும்.

அந்த 1919-ஆம் வருஷத்து ஏற்பாடே இரட்டையாட்சி எனப்பட்டது. கல்வி, வைத்தியம், சுகாதாரம் முதலிய இலாகாக்கள் மந்திரிகள் வசம் விடப்பட்டன. நிதியோ கவர்னரின் நிர்வாக சபை வசம் ஒதுக்கிவைக்கப்பட்டது. இதன் விளைவை மாணவர் நன்கு கருதிப்பார்த்தல் வேண்டும். வைத்தியசாலை வேண்டும் என்று கேட்டால் விடையிறுப்பவர் ஒருவர். அதற்குப் பணம் கொடுப்பவர் வேறொருவர். மந்திரி மனமிசைந்தாலும் பெட்டிச் சாவி அவரிடம் இல்லை.

இத்தகைய சபைக்குள்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடியெடுத்து வைத்தார். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேர்ச்சி பெற்று, பின்னர் இங்கிலாந்து சென்று பெண்கள் குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றுத் திரும்பியவர் அவர். மாதர் சங்கத்தாரின் வேண்டுகோளின்படி சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். 1927-இல் அச்சபையின் உபதலைவராக ஒருமனதாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை அங்கத்தினரான முதற் பெண்மணி அவரே. (மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1922-லேயே அரசர் சபையில் இடம் பெற்றிருந்தார். செங்கோட்டை 1956 வரையில் அந்நாட்டைச் சேர்ந்திருந்தமையால், நம் மேற்கெல்லையில் உள்ளார் இதனைத் தம் சரித்திரமாகவும் பாராட்டலாம்.)

முத்துலட்சுமி அம்மையார் கைக்கொண்ட பொருள்கள் பெரும்பாலும் அவர் தம் தொழிலில் கண்டவையே. பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வைத்தியசாலை, ஏழைப் பெண்களுக்குக் கல்விச் சலுகை, தேவதாசி முறை ஒழிப்பு என இவ்வாறு அவர் முயற்சி விரிந்தது. இவற்றுள் தேவதாசி முறை பற்றிய தீர்மானம் 1927 நவம்பரில் சபையில் நிறைவேறியது. 1929-இல் இந்து தேவஸ்தான சட்டம் திருத்தப்பட்டது. பெண்களைப் பொட்டுக் கட்டுதலை முற்றும் தடுக்கும் சட்டமோ 1947-இல்தான் வந்தது. அதற்குள் அவர் சபையைவிட்டு நீங்கிப் பதினேழு ஆண்டுகள் சென்றிருந்தன. 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டமையை முன்னிட்டு அவர் தம் ஸ்தானத்தைத் துறந்தார். தாம் சட்டசபையில் பெற்ற அநுபவங்களை அவ்வாண்டிலேயே ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அரசியல் பயிலும் மாணவர் அந்நூலை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் நலம்.

அம்மையாரை ஏனைய அங்கத்தினரினின்றும் வேறுபடுத்தியது யாது? பேச்சுத்திறன் என்று சொல்லிவிடலாம். எம் கருத்து அதுவன்று. பிறர் அறியாமையால் வினவுவர். அவர் அறிந்து வினவினார். நோயாளியின் படுக்கையருகே நின்றவராதலின், விடை இன்னதாக இருத்தல் வேண்டும் என்பது வினாவுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவரை வெறும் சொற்களால் மடக்குதல் அரிது.

இனி, இக்காலத்து நடைமுறையைச் சுருங்கக் காண்போம். லோக்சபையில் அமர்வின் முதல் மணி கேள்வி நேரமாகும். வாயால் விடை பெறும் விண்மீன் குறியிட்ட வினாக்கள் நாளொன்றுக்கு 20. எழுத்தால் விடை பெறுவன 230. துணைவினா முன்னவற்றுக்கே உண்டு. வினாவை முழுதாகப் பதினைந்து நாட்களுக்கு முன் அறிவித்தல் வேண்டும். அது 150 சொற்களுக்கு மேற்படலாகாது. வாதம், ஊகம், வசைமொழி ஆகியன அதில் வரலாகாது.

அப்பதினைந்து நாளில் என்ன நிகழ்கிறது என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டுவது. மந்திரி மாடத்தில் அமர்ந்து யோசித்து விடை எழுதுவாரல்லர். காய்ச்சலால் மாண்டோர் எத்தனை பேர் என்று ஓர் அங்கத்தினர் டில்லியில் வினவுகிறார் என்று கொள்வோம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி சுகாதாரமும் மருத்துவமனையும் மாகாணப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆகவே வினா சென்னைக்குச் செல்லும். சென்னையிலிருந்து ஜில்லா சுகாதார அதிகாரிக்கும், அவரிடமிருந்து வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இறங்கும். முடிவில் கிராம சுகாதாரச் செவிலியின் ஏட்டிலும், கிராம நிர்வாக அலுவலரின் பிறப்பு இறப்புப் பதிவிலும் வந்து நிற்கும். குத்துக்கல்வலசை போன்றதோர் ஊராட்சியின் பதிவேட்டில் உள்ள ஓர் எண், வந்த வழியே ஏறிச் சென்று, ஏனைய ஊர்களின் எண்களோடு கலந்து, மந்திரியின் வாயில் ஒரு தொகையாக வெளிப்படும்.

அந்த எண் எத்தகையது என்று பார்ப்போம். 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, ஓர் இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுகிறது. இறந்தவர் குடியிருந்த இடத்திலன்று. குத்துக்கல்வலசையில் நோயுற்ற ஒருவர் தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, அங்கே உயிர் நீப்பாராயின், அவ்விறப்பு திருநெல்வேலியின் கணக்கிலேறும். ஊர்ப் பதிவேடு மாசற்றதாய்க் கிடக்கும். அதனை மட்டும் பார்ப்பவர் அவ்வாண்டு அவ்வூரில் காய்ச்சலே இல்லை என்று கருதுவர். வீட்டிலேயே இறந்தாராயினும் தொல்லை நீங்காது. நோயின் பெயரை மருத்துவர் எழுதாதவிடத்து, உறவினர் சொன்னதே காரணமாகப் பதியப்படும். 'காய்ச்சல்', 'மூப்பு', 'நெஞ்சுவலி' என்பனவே அவர்கள் அறிந்த பெயர்கள்.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. 2012-ஆம் ஆண்டு கோடையில், தென்காசிக்கு வடக்கேயுள்ள கடையநல்லூரிலும் சுற்றுப்புறங்களிலும் டெங்குக் காய்ச்சல் பரவி உயிர்களைக் கொள்ளைகொண்டது. அவ்வாண்டு தமிழ்நாடு முழுவதிலும் 12,826 பேர் டெங்குவால் பீடிக்கப்பட்டனர் என்றும், 66 பேர் மாண்டனர் என்றும் அரசாங்கக் கணக்கு கூறுகிறது. நாளிதழ்களோ 'மர்மக் காய்ச்சல்' என்று ஒரு பெயர் படைத்து எழுதிவந்தன. இப்பெயர் இன்னும் வழங்குகிறது. மர்மம் நோயில் இல்லை. சோதனை செய்யாமையில் உள்ளது. இரத்தம் எடுத்துச் சோதிக்கப்பட்டவர் டெங்குக் கணக்கில் வருவார். சோதிக்கப்படாமல் மாண்டவர் வெறுங் காய்ச்சலில் அடங்குவார். டெங்குவால் மாண்டோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு மந்திரி கூறும் எண் ஒரு பொய்யும் கலவாததாக இருக்கலாம். ஆயினும் அதனால் ஊரார் தம் துயரை அளக்க இயலாது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. தென்காசி ஜில்லா 2019 நவம்பர் 22-ஆம் நாளில்தான் திருநெல்வேலியினின்றும் பிரிக்கப்பட்டது. 2012-இல் தென்காசி ஜில்லாவில் டெங்கு எவ்வளவு என்று இன்று ஒருவர் வினவினால், அப்பொழுது அப்பெயருடைய ஜில்லாவே இல்லை என்னும் விடை நியாயமாகவே வரும். ஊர்ப் பெயரையும் நகராட்சிப் பெயரையும் சுட்டிக் கேட்டவனுக்கே எண் கிட்டும்.

பெரிய சபைகளிலும் இவ்விதமே நிகழ்ந்துள்ளது. 2020 செப்டம்பரில் பார்லிமெண்டு கூடியபோது, கொள்ளைநோயைக் காரணங்காட்டிக் கேள்வி நேரம் விலக்கப்பட்டது. எழுத்து மூலமான விடைகள் மட்டும் தொடர்ந்தன. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளருள் மாண்டோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு, அத்தகைய கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் இலாகா விடையளித்தது. துணைவினா இருந்திருப்பின், ஏன் வைக்கவில்லை என்று அடுத்த கணமே ஒருவர் எழுந்திருப்பார். 2021 ஜூலை 20-ஆம் நாள் ராஜ்ய சபையில், ஆக்சிஜன் தட்டுப்பாட்டால் நோயாளிகள் பெருந்தொகையினராக மாண்டது உண்மையா என்று வினவப்பட்டது. அக்காரணத்தால் நேர்ந்த இறப்பென்று குறிப்பாக எதனையும் மாகாணங்கள் தெரிவிக்கவில்லை என்று சுகாதார ராஜாங்க மந்திரி எழுத்தால் விடை கூறினார். அதற்கு இரண்டு திங்களுக்கு முன்புதான் கர்நாடகத்துச் சாமராஜநகரில் ஒரே நாளில் 24 நோயாளிகள் மாண்டதும், உயர்நீதிமன்றம் குழு அமைத்து ஆராய்வித்ததும் நாடறிந்தவை. இறப்புச் சான்றிதழில் நோயின் பெயருக்கு இடம் உண்டு. உருளையில் வாயு தீர்ந்துபோனமைக்கு இடம் இல்லை. இல்லாத கட்டத்தில் எவர் எழுதுவார்? எழுதாததை எவர் தெரிவிப்பார்?

நம் நாட்டார்க்கு மட்டும் உரிய குறை என்று இதனைக் கருதவேண்டா. 1983 நவம்பரில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில், எய்ட்ஸ் நோய் இரத்தப் பொருள்களால் தொற்றும் என்பதற்கு முடிவான சான்று இல்லை என்று சுகாதார மந்திரி ஒருவர் எழுத்தால் விடையளித்தார். 'முடிவான' என்ற ஒரு சொல் அவ்விடையைக் காப்பாற்றியது, நோயாளிகளைக் காப்பாற்றவில்லை. மாசுற்ற இரத்தத்தாலும் இரத்தப் பொருள்களாலும் அந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நோய்த்தொற்றுற்றனர். ஏறத்தாழ மூவாயிரவர் மாண்டனர். அவ்விடையை ஆதரிக்கவொண்ணாதது என்று விசாரணைக் குழு 2024 மே மாதத்தில்தான், நாற்பது ஆண்டுகள் கழித்து, கூறியது.

ஆயின் வினவுவோர் செய்யத்தக்கது என்ன? 'தென்காசி வட்டாரத்தில் சுகாதாரம் சீர்கெட்டிருப்பதை அரசாங்கம் அறியுமா?' என்பது ஒரு வினா. மேடையில் இது கைதட்டல் பெறும். சபையில் 'அவ்வாறில்லை' என்னும் ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோகும். அதற்கு மாறாக இவ்வாறு கேட்பாராக: 'குற்றாலச் சாரல் காலமாகிய ஜூன் முதல் நாள் தொடங்கி ஆகஸ்டு இறுதி வரையில், காய்ச்சலோடு தென்காசி அரசு மருத்துவமனையில் படுக்கையில் சேர்க்கப்பட்டோர் எத்தனை பேர்; அவருள் டெங்குச் சோதனை செய்யப்பெற்றோர் எத்தனை பேர்; திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டோர் எத்தனை பேர்; அவ்வாறு அனுப்பப்பட்டோருள் குணமடைந்து வீடு திரும்பினோர் எத்தனை பேர்?' இதில் வசை இல்லை, வாதம் இல்லை, எண் சொன்னாலன்றித் தப்ப வழியும் இல்லை. கணக்கு இல்லை என்று விடை வருமாயின், அதுவே அடுத்த வினாவுக்கு வித்தாகும்.

'பரிசீலனையில் உள்ளது', 'விரைவில் ஆவன செய்யப்படும்' என்னும் விடைகளைப் பற்றியும் ஒரு சொல். இவற்றைக் கேட்டு நகைப்பது நம்மவர் வழக்கம். ஆனால், மந்திரி சபையில் அளித்த வாக்குறுதி காற்றோடு போவதில்லை. அவற்றைக் குறித்துவைத்து, நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே லோக்சபையில் 1953 முதல் ஒரு குழு இயங்குகிறது. மூன்று திங்களுக்குள் நிறைவேற்றவேண்டும் என்பது வரையறை. தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் உறுதிமொழிக் குழு உண்டு. அக்குழுக்களின் அறிக்கைகளை வாசிப்போர்தாம் மிகச் சிலர்.

சட்டசபைக்குச் செல்லாத நமக்கும் ஒரு சபை உண்டு. குத்துக்கல்வலசையிலும் ஏனைய ஊராட்சிகளிலும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டுள்ளன. வாக்காளர் எவரும் அங்கே எழுந்து வினவலாம். சென்ற ஆண்டில் நம்மூரார் எத்தனை பேர் காய்ச்சலால் மாண்டனர், அவருள் வெளியூர் மருத்துவமனையில் மாண்டோர் எத்தனை பேர் என்று கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யலாம். அச்செலவு ஒரு பக்கத் தாள். பின்னொரு நாள் அத்தொகுதியின் அங்கத்தினர் சென்னையில் எழுந்து வினவும்போது, மந்திரியின் கையில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்க்க அவர் கையிலும் ஓர் எண் இருக்கும்.