ஒடுகத்தூரில் ஒரு கேட் பயனர் குழு: தொடங்கவும் நிலைக்க வைக்கவும் ஒரு வழிகாட்டி

270 மில்லிமீட்டர் நீளமுள்ள பேட்டர்ன் துண்டு ஒன்றை ஏ4 தாளில் அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். அச்சுப் பெட்டியில் 'ஃபிட் டு பேஜ்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது; தாளில் 97 விழுக்காட்டு அளவில் படம் வருகிறது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஃகு ஸ்கேலை வைத்தால் 262 மில்லிமீட்டர்தான் இருக்கும். போனது எட்டு மில்லிமீட்டர். ஆங்கில ஷூ அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உள்ள இடைவெளியே 8.46 மில்லிமீட்டர், பாரிஸ் பாயிண்ட் கணக்கில் 6.67. ஒரே ஒரு டிக், ஏறக்குறைய ஒரு சைஸையே விழுங்கிவிட்டது. அந்தத் தாளை அட்டையில் ஒட்டி, தோலை வெட்டி, தைத்து, லாஸ்ட்டில் (பாத வடிவ அச்சில்) ஏற்றும்போதுதான் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) எட்டவில்லை என்பது தெரியும். அதற்குள் தோலும் கூலியும் போய்விடும்.

கோடு போடவும் வளைவு இழுக்கவும் கேட் (கணினிவழி வரைவு) வகுப்பில் கற்றுத் தருவார்கள். இந்த எட்டு மில்லிமீட்டரைப் பற்றி, ஒருமுறை சூடுபட்டவர்தான் சொல்வார். அப்படிச் சூடுபட்டவர்களின் அனுபவம் ஊருக்கே பொதுவாகும் இடம்தான் பயனர் குழு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் வட்டாரத்தின் ஓரத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் ஒடுகத்தூரில் அப்படி ஒரு குழுவைத் தொடங்குவது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. இதன் வாதம் ஒன்றுதான்: மென்பொருளை நடுவில் வைத்தால் குழு இன்னொரு வகுப்பாகிக் கலைந்துபோகும், வேலையில் மாட்டிக்கொண்ட கோப்பை நடுவில் வைத்தால் நிற்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்தே பிறக்கிறது.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளிவந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஊர் ஊராகக் கூடத் தொடங்கினார்கள். பிறகு, ஆட்டோகேட்டை வெளியிடும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் பயனர்களுக்கென்று உலகளாவிய அமைப்பே உருவானது. நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் தமிழ்நாட்டு லினக்ஸ் குழுக்கள். சென்னையில் 1990-களின் கடைசியில் தொடங்கிய லினக்ஸ் பயனர் குழுவைப் பின்பற்றி, விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் குழுக்கள் எழுந்தன. சிறிய ஊர், தமிழில் பேச்சு, தவறாமல் கூடும் நாள், கட்டணமில்லாத மென்பொருள்: அவற்றை நிலைக்க வைத்தது இவ்வளவுதான். காலணித் தொழிலில் பார்த்தால், ஸ்பெயினின் எல்டா ஊரில் இருக்கும் இனெஸ்கோப் ஆய்வு நிறுவனம் தன் வட்டாரத் தொழிலுக்கென்று கேட் மென்பொருளையே உருவாக்கியது. தொழில் நடக்கும் இடத்திலேயே அதன் கருவியைப் பற்றிய அறிவும் வளர முடியும் என்பதற்கு இவை போதும்.

முதல் படி: இரண்டு கைகளைச் சேருங்கள்

குழுவுக்கு முதலில் பத்துப் பேர் போதும். ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே மாதிரியானவர்களாக இருக்கக் கூடாது. தொழிற்சாலை பேட்டர்ன் மாஸ்டருக்கும் கட்டிங் டேபிளில் நிற்பவருக்கும் தோல் தெரியும். முதுகுத்தண்டை ஒட்டிய பகுதி இறுக்கம், வயிற்றுப் பகுதி தளர்வு. வேம்ப் (ஷூவின் முன்பக்க மேல்) துண்டை வைக்கும்போது குறைவாக இழுபடும் திசை குதிகாலிலிருந்து விரல்முனைக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் விரலிலேயே இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்து ஆட்டோகேட் சான்றிதழோடு வீட்டில் இருக்கும் இளைஞருக்கு லேயரும் டைமென்ஷனும் தெரியும். தோலைத் தொட்டிருக்க மாட்டார். இருவரும் ஒரே தெருவில் இருந்தாலும் அவர்களைப் பேசவைக்க ஒரு மேசை இல்லை. முதல் பத்துப் பேரில் பாதிப் பேராவது தோலைத் தொட்டவர்களாக இருக்கட்டும். இந்த வட்டாரத்து ஷூ ஆலைகளின் தையல் பிரிவு பெரும்பாலும் பெண்களின் உழைப்பில் நடக்கிறது. பேட்டர்னில் இருக்கும் தவறு முதலில் அகப்படுவது அவர்கள் ஊசியில்தான். ஆகவே ஒருங்கிணைப்பாளர் இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது குழுவின் வேலைக்கே தேவை. அறிவிப்பை வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருபவர் கண்ணில் படும்படி டீக்கடையிலும், ஆலைப் பேருந்து நிற்கும் இடத்திலும் ஒட்டுங்கள். 'கேட் பயிற்சி' என்று எழுதாதீர்கள். 'பேட்டர்ன், டிராயிங் வேலையில் சந்தேகமா? கொண்டு வாருங்கள்' என்று எழுதுங்கள். அழைப்பு எப்படியோ, வருகிறவர் அப்படி.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

ஆலைக்கு விடுமுறை ஞாயிறு. அதே ஞாயிறுதான் வீட்டில் வாரத்து வேலை முழுவதும் குவியும் நாள். காலையில் வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள். மாலையில் வைத்தால் மலையடிவாரக் கிராமங்களுக்குப் பேருந்து பிடிக்க முடியாது. மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறு மதியம் மூன்று முதல் ஐந்து வரை என்று வைத்துப் பாருங்கள். நாள் எதுவானாலும் மாற்றாதீர்கள். 'இந்த வாரம் உண்டா?' என்று கேட்க வேண்டியிருந்தால் அந்தக் குழு ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. இடத்துக்குக் கிளை நூலகத்தையும், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரையும் கேளுங்கள். விடுமுறை நாள் என்பதால் யார் சாவி வாங்குகிறார், யார் பூட்டித் திருப்பித் தருகிறார் என்பதைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்தால் அனுமதி எளிது. அது கிடைக்கும்வரை டிடிபி, ஜெராக்ஸ் கடை ஒன்றில் கூடலாம். இரண்டு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், ஒரு பெரிய மேசை, ஒரு எஃகு ஸ்கேல் இருந்தால் குழுவுக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது.

மூன்றாம் படி: எல்லாரும் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள்

ஆலைகளில் இருக்கும் காலணி மென்பொருள்களின் உரிமம் தனிநபர் வாங்கக்கூடிய விலையில் இல்லை. அதனால் பலர் உடைத்த பதிப்பைத் தேடுகிறார்கள். குழுவின் கணினியில் அது வேண்டாம். சட்டமும் வைரஸும் ஒருபக்கம் இருக்க, திருட்டுப் பதிப்பில் கற்றவர் தன் வேலையை வெளிப்படையாகக் காட்டத் தயங்குவார். காட்டத் தயங்குகிறவர் கேட்கவும் தயங்குவார். இரு பரிமாண வரைவுக்கு லிப்ரேகேட், வளைவுகளுக்கு இங்க்ஸ்கேப், முப்பரிமாணத்துக்கு ஃப்ரீகேட் மூன்றும் கட்டணமில்லாதவை. ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க்கின் கல்வி உரிமமும் இலவசமாகக் கிடைக்கிறது. 'ஆலையில் இருப்பது வேறு, இங்கே பழகுவது வேறு. பிறகு என்ன பயன்?' என்பார்கள். நியாயமான கேள்விதான். லாஸ்ட்டின் மேல்பரப்பை அளந்து தட்டையாக விரித்துத் தருவதும், சைஸ் வரிசையைத் தானே பெருக்குவதும் காலணிக்கென்றே எழுதிய மென்பொருள்களின் வேலை. அவற்றை அதே எளிமையோடு இந்த இலவசக் கருவிகளிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மடிப்புக்கு எவ்வளவு விடுவது, லாஸ்டிங்குக்கு (லாஸ்ட்டில் இழுத்து ஒட்ட) எவ்வளவு விடுவது, எந்தக் கோடு வெட்டு, எந்தக் கோடு தையல் என்ற தீர்மானங்கள் எந்தத் திரையிலும் ஒன்றே. பொத்தான் மாறினால் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். தீர்மானிக்கத் தெரியாவிட்டால், விலை உயர்ந்த மென்பொருள் தவறை இன்னும் வேகமாகச் செய்யும்.

நான்காம் படி: கூட்டத்தை ஒரு சிக்கலைச் சுற்றி நடத்துங்கள்

இரண்டு மணி நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் இருபது நிமிடம் போன கூட்டத்துச் சிக்கல் என்னவாயிற்று என்று கேட்பது. அடுத்த ஒரு மணி நேரம் ஒரே ஒரு சிக்கல். மீதி நேரம் அவரவர் கணினியில் அதையே செய்து பார்ப்பது. முதல் கூட்டத்துக்கு ஒரு சிக்கல்: பக்கிள் வைத்த பெண்கள் செருப்பின் பேட்டர்ன், பாரிஸ் பாயிண்ட் 36-இல் சரியாக இருக்கிறது; 41 வேண்டும். கேட் மட்டும் தெரிந்தவர் முழுப் படத்தையும் 'ஸ்கேல்' கட்டளையில் 41/36 என்று பெருக்குவார். நீளம் 240-லிருந்து 273 மில்லிமீட்டராகச் சரியாகவே வரும். ஆனால் 12 மில்லிமீட்டர் வார் 13.7 ஆகிவிடும், அது 12 மில்லிமீட்டர் பக்கிளில் நுழையாது. மடிப்புக்கு விட்ட 5 மில்லிமீட்டரும் சேர்ந்தே வளர்ந்துவிடும். அப்போது பேட்டர்ன் மாஸ்டர், நீளம் ஒரு கணக்கில், சுற்றளவு வேறு கணக்கில் வளரும், வார் அகலமும் பக்கிள் ஓட்டையும் வளரவே கூடாது என்று கையால் காட்டுவார். பெருக்குவதற்கும், சைஸ் வரிசையாக்கும் கிரேடிங்குக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வாரில் புரிந்துவிடும். புரிந்த பிறகு அதைத் திரையில் பகுதி பகுதியாகச் செய்துகாட்டுவது இளைஞரின் முறை. அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுத் தந்தவரும் கற்றவரும் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. குழுவை நிலைக்க வைப்பது அதுதான்.

ஐந்தாம் படி: கோப்புக்கு ஓர் ஒழுங்கு

எல்லாரும் ஒரே முறையில் கோப்பு வைத்தால்தான் ஒருவர் சிக்கலை மற்றவர் திறந்து பார்க்க முடியும். இதற்கு ஒரு பக்க விதி போதும். அளவு எப்போதும் மில்லிமீட்டர். வெட்டுக் கோடு, தையல் கோடு, மடிப்புக் கோடு, குறிப்பு நான்கும் நான்கு லேயரில், நான்கு நிறத்தில். பகிர்வது டிஎக்ஸ்எஃப் வடிவில். பல மென்பொருள்களும் பல வெட்டும் இயந்திரங்களும் படிக்கும் பொதுமொழி அது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கோப்பின் மூலையிலும் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று. கோப்பு வேறு கணினிக்குப் போய் அங்குலமாகப் படிக்கப்பட்டால் எல்லாம் 25.4 மடங்கு மாறிவிடும். சதுரத்தை அளந்தால் உடனே தெரியும். அச்சு சுருங்கினாலும் அதே சதுரம்தான் காட்டிக்கொடுக்கும்: 97 என்று ஸ்கேல் சொன்னால் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம், தோலை வெட்ட வேண்டியதில்லை.

ஆறாம் படி: ஆலையின் மாடல் ஆலையிலேயே இருக்கட்டும்

குழுவுக்கு வரும் எதிர்ப்புகளில் கனமானது இது: 'வேலைசெய்கிற இடத்து டிசைன் வெளியே போகும்.' இந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. வெளிநாட்டு வாங்குநரின் மாடல் ஒன்று கசிந்தால் ஆர்டர் போகும்; ஆர்டர் போனால் வேலையும் போகும். அதனால் சிக்கலைக் கொண்டு வரலாம், மாடலைக் கொண்டு வரக் கூடாது என்பது மீற முடியாத விதியாக இருக்க வேண்டும். ஆலைக் கோப்பின் நகல், ஆலைக்குள் எடுத்த படம், வாங்குநரின் பெயர் எதுவும் மேசைக்கு வரக் கூடாது. மாட்டிக்கொண்ட இடத்தை மட்டும் ஒரு வெற்று வடிவமாக வீட்டில் புதிதாக வரைந்து கொண்டு வர வேண்டும். அப்படி வரைந்து பார்க்கும்போதே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும் என்பது கூடுதல் லாபம். 'பழக்கினால் ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்' என்ற கவலைக்கும் பதில் உண்டு. தெரிந்தவர் போகக்கூடும், தெரியாதவர் இருந்துகொண்டே தவறான அளவில் டை (வெட்டு அச்சு) அடிக்கச் சொல்லலாம். உழைப்பவர் தன் கைத்திறனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டு மேலே போக நினைப்பது அவர் உரிமை. அந்த உரிமைக்கு இடம் தரும் வட்டாரத்தில்தான் தொழிலும் தங்கும்.

ஏழாம் படி: தமிழில் எழுதி வையுங்கள்

தீர்ந்த ஒவ்வொரு சிக்கலுக்கும் நோட்டில் ஒரு பக்கம்: என்ன கேட்டார், என்ன தவறு, எப்படிச் சரியானது, எந்த அளவு. 'வேம்ப்', 'குவார்ட்டர்', 'ஸ்கைவிங்' என்று மேசையில் புழங்கும் சொல்லிலேயே எழுதுங்கள். புதுச்சொல் தேடி நேரம் கழிக்க வேண்டாம். 'யூடியூபில் எல்லாம் இருக்கிறதே' என்பவர்களுக்கு இந்த நோட்டே பதில். காணொளி, அதைச் செய்தவரின் கோப்பில் எது சரியாக வந்ததோ அதைக் காட்டும். நம் கோப்பில் ஏன் வரவில்லை என்று அதனால் பார்க்க முடியாது. 'இனி எல்லாவற்றையும் கணினியே செய்துவிடும்' என்ற பேச்சும் உண்டு. தோலில் துண்டுகளை அடுக்கும் வேலையை மென்பொருள் இன்றே செய்கிறது. ஆனால் எந்தத் தழும்பு லைனிங்கில் மறையும், எது வேம்ப்பில் வரவே கூடாது என்று தோலைத் தடவிப் பார்த்துக் குறிப்பது இன்றும் பெரும்பாலும் ஆள்தான். அந்தத் தீர்மானத்தின் காரணங்களை எழுதி வைக்காவிட்டால், பேட்டர்ன் மாஸ்டர் ஓய்வுபெறும் நாளில் அவையும் வீட்டுக்குப் போய்விடும்.

பணத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். தாளுக்கும் மைக்கும் டீக்கும் ஒரு டப்பா. வரவு செலவு ஒவ்வொரு கூட்டத்திலும் கரும்பலகையில். ஆறு மாதம் கழித்து மூன்று கேள்வி கேளுங்கள். நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது? முதல் மாதம் கேள்வி கேட்டவர் இப்போது இன்னொருவருக்குப் பதில் சொல்கிறாரா? ஒருங்கிணைப்பாளர் வராத ஞாயிறும் கூட்டம் நடந்ததா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ மத்திய காலணிப் பயிற்சி நிலையத்துக்கோ அந்த நோட்டோடு போய், இதில் எங்களால் தீர்க்க முடியாதவை இவை என்று குறிப்பாகக் கேட்கலாம். பயிற்சி கொடுங்கள் என்று வெறுங்கையோடு போவதைவிட, அந்தக் கேள்விக்குக் கனமான பதில் வரும். அதுவரை, அடுத்த ஞாயிறு மதியம் மேசைக்கு எடுத்து வர வேண்டியவை மூன்றுதான்: ஒரு எஃகு ஸ்கேல், சரியாக வராத ஒரு துண்டு, மூலையில் 100 மில்லிமீட்டர் சதுரம் போட்ட ஒரு கோப்பு.