மாநகராட்சியும் நாமும்

செப்டம்பர் 8, அன்னையின் திருநாள். ஆகஸ்ட் 29 அன்று கொடியேறிய நாள் முதல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தை நோக்கி, காவியுடை உடுத்திய பக்தர்கள் சாரை சாரையாக நடந்து வருவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். தேர்ப்பவனியைக் காணாதவர் நம்மில் இலர். ஆனால் திருநாளுக்கு மறுநாள் விடியற்காலையில் அந்தச் சாலைகளைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? இலைகளும் தாள்களும் குடிநீர்ப் புட்டிகளும் குவிந்து கிடக்கின்றன. துடைப்பமும் தள்ளுவண்டியுமாகத் தூய்மைப் பணியாளர்கள் வந்து அவற்றையெல்லாம் அகற்றுகிறார்கள். நாம் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் சாலை சாலையாக இருக்கிறது.

அந்தப் பணிக்கு ஏற்பாடு செய்தவர் யார்? அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால் நாம் போய்ச் சேருமிடம் சென்னை மாநகராட்சி.

மன்றம் பிறந்த கதை

நமது மாநகராட்சி மிகப் பழமையானது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1687 டிசம்பர் 30 அன்று அளித்த சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குத் துணையாக ஆல்டர்மென் எனப்பட்ட 12 பேர் இருந்தனர். இதனைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. கம்பெனி நேரே வரி கேட்டால் மக்கள் முகம் சுளிப்பார்கள். தங்களவர் கூடிய சபை கேட்டால் மனமுவந்து கொடுப்பார்கள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கணக்கு அவர்களுடையதே ஆயினும், அதிலுள்ள உண்மை இன்றும் மாறவில்லை. வரி கொடுப்பவனுக்கு அதன் செலவைப் பற்றிப் பேசவும் உரிமை வேண்டும்.

அந்த உரிமை இந்தியர்களுக்குக் கிட்ட நெடுங்காலம் ஆயிற்று. 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சிக்கு வழிவகுத்தார். அவர் பெயரால் எழுந்த வெண்ணிற ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே கம்பீரமாக நிற்கும் அந்த மாளிகையில்தான் மாமன்றம் கூடுகிறது. மாநகராட்சியிடம் புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணும் 1913 தான். ஒன்றை நினைத்தால் மற்றது மறவாது.

மன்றம் செய்யும் வேலை

தெருவிளக்கு, உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், குப்பை அகற்றல், கொசு ஒழிப்பு, பூங்கா, விளையாட்டுத் திடல், மாநகராட்சிப் பள்ளிகள், மகப்பேறு மருத்துவமனைகள், மயானம், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியன மாநகராட்சியின் பொறுப்புகள். நாம் பிறந்ததை முதலில் ஏட்டில் எழுதிக் கொள்வதும் அதுவே. கடைசிக் கணக்கை முடிப்பதும் அதுவே!

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக் கொள்வோம். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக் கொண்டது என்றால் கேட்க வேண்டியது 1978-இல் ஏற்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்தை. வீட்டு மின்சாரத்துக்கு மின்வாரியம். பேருந்துக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம். இவை மாநில அரசின் கீழ் உள்ளவை. உரிய கதவைத் தட்டத் தெரியாமல், "யாரும் கவனிப்பதில்லை" என்று குறைப்பட்டுக் கொள்வோரை நாம் அன்றாடம் காண்கிறோம்.

2011 முதல் நகரம் 426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 200 வார்டுகளும் உடையதாக விரிந்தது. வார்டுக்கு ஒரு மாமன்ற உறுப்பினர். பெசன்ட் நகர் அடையாறு மண்டலத்தைச் சேர்ந்தது. உறுப்பினர் தம் வார்டின் குறையை மன்றத்தில் எழுப்புவார். கல்வி, சுகாதாரம், பணிகள் என நிலைக்குழுக்கள் உண்டு. மேயர் தலைமையில் விவாதம் நடந்து தீர்மானம் நிறைவேறும். அதைச் செயற்படுத்துபவர் அரசு நியமிக்கும் ஆணையர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம் பெற்றோர் செலுத்தும் சொத்து வரி இவற்றுக்கெல்லாம் ஒரு முக்கிய ஆதாரம்.

ஓரணாத் தீர்மானம்

ஒரு தீர்மானம் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றலாம். 1920-ஆம் ஆண்டு மன்றத்தின் தலைவராயிருந்தவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளின் வருகை குறைவாயிருந்தது. ஏழைப் பிள்ளைகள், வயிற்றில் பசி. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்குவது என 1920 செப்டம்பர் 16 அன்று மன்றம் தீர்மானித்தது. பிள்ளைகள் வந்தார்கள். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது.

ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு தடுக்கவே, 1925 ஏப்ரல் 1 அன்று அது தடைப்பட்டது. நல்லெண்ணம் மன்றத்தில் இருந்தது. பெட்டியின் சாவி வேறிடத்தில் இருந்தது! எனினும் ஒரு தெருப் பள்ளியில் முளைத்த எண்ணம் அழியவில்லை. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் அதே வழியில் வந்தவை அல்லவா?

நாற்காலிகள் காலியாயிருந்த காலம்

இத்தகைய மன்றமும் தவறியதுண்டு. தினக்கூலிப் பணியாளர் வருகைப் பதிவேட்டில் முறைகேடு என்ற குற்றச்சாட்டை ஒட்டி 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டது. மீண்டும் தேர்தல் நடந்தது 1996-இல். இடையே 23 ஆண்டுகள்! பெசன்ட் நகரில் வீடுகளும் தெருக்களும் பெருகிய ஆண்டுகளில், அத்தெருக்களுக்காக மன்றத்தில் எழுந்து பேச ஒருவரும் இல்லை. அதிகாரிகள் நிர்வாகத்தை நடத்தினார்கள். ஆனால் அதிகாரி மாற்றலாகிப் போவார். உறுப்பினரோ மறுபடியும் நம் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டியவர்.

இந்நிலை நேராதிருக்கவே, 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் என்பதை விதியாக்கியது. ஆயினும் வழக்குகளால் 2016 முதல் 2022 வரை மீண்டும் மன்றம் இல்லாமற் போயிற்று. கொள்ளைநோய் வாட்டிய 2020-ஆம் ஆண்டையும் நகரம் உறுப்பினர் இன்றியே கடந்தது.

2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் வந்தது. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்குச் சுமார் 61 பேர் வாக்களித்தனர். சென்னையில் சுமார் 44 பேரே! ஐந்தாண்டுகளுக்கு மேல் பூட்டியிருந்த கதவு திறந்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. அரசு மன்றத்தை மூடினால் குறை கூறுகிறோம்; நாமே மூடினால் யாரைக் குறை கூறுவது?

நம் பங்கு

பெண்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. "நகரத் தந்தை" என்று வழங்கிய பதவியில் 1956-இல் முதன்முதலாக ஒரு பெண்மணி அமர்ந்தார். அவர் திருமதி தாரா செரியன். 1971-இல் திருமதி காமாட்சி ஜெயராமன் வந்தார். அடுத்த பெண் மேயருக்கு நகரம் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 2022 மார்ச் 4 அன்று திருமதி ஆர். பிரியா பொறுப்பேற்றார், அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண்மணி அவரே. இப்போது சட்டப்படி மன்றத்தில் பாதி இடங்கள் மகளிருக்கு. 18 வயதில் வாக்களிக்கலாம். 21 வயதில் போட்டியிடலாம். இன்று பத்தாம் வகுப்பில் இருப்பவர், இன்னும் ஆறேழு ஆண்டுகளில் மாமன்ற உறுப்பினராக அமர முடியும்!

அதுவரை கைகட்டியிருக்க வேண்டுமா? வேண்டாம். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் நம் வீட்டிலேயே பிரிப்போம். பிரிக்காத குப்பையைக் கையால் கிளற வேண்டியவரும் ஒரு தாயே. விளக்கு எரியாவிட்டால் 1913-க்குச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்து வைப்போம். 2022-இல் வந்த விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் உண்டு. பெற்றோரை அக்கூட்டங்களுக்கு அழைத்துச் செல்வோம். தேர்தல் நாள் விடுமுறை நாள் மட்டுமன்று என்பதை அன்போடு நினைவூட்டுவோம்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். நம் ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவினார். அழுக்கைத் தொடுவது இழிவு என்று அவர் எண்ணவில்லை. வரும் ஆண்டு திருநாளுக்கு மறுநாள் விடியலில் நாமும் ஒருமுறை அந்தச் சாலைக்குச் செல்வோம். அங்கே குனிந்து பெருக்கும் அக்காவிடம் நன்றி சொல்வோம். அவருடைய வேலையை எளிதாக்கும் தீர்மானத்தை ஒருநாள் மன்றத்தில் முன்மொழியப் போகிறவர் நம் வகுப்பிலேயே இருக்கக் கூடும்.