பழைய ப்ராசஸர், புது கார்டு: கவுன்டரில் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் எந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும்: “அண்ணே, என்கிட்ட இருக்கிறது பழைய ப்ராசஸர். புது கிராபிக்ஸ் கார்டு போட்டா வேஸ்ட்டா?” சிலர் “பாட்டில்நெக் ஆகும்” என்று சொல்லிப் பயமுறுத்தி மொத்த செட்டையும் விற்கப் பார்ப்பார்கள். சிலர் “எல்லாம் ஓடும் சார்” என்று பில் போட்டுவிடுவார்கள். இரண்டும் வேண்டாம் தம்பி.

1. பதில் சொல்லும் முன் கேள். என்ன கேம், என்ன மானிட்டர், இப்போது என்ன கார்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடும் பையனுக்கு வேண்டியது எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது. அது பெரும்பாலும் ப்ராசஸர் கையில் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் 4கே டிவியில் நிதானமாகக் கதை கேம் ஆடும் மனிதருக்கு முதல் செலவு கார்டுதான். ப்ராசஸரும் கார்டும் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாலும் பதில் வேறு வேறு.

2. எஃப்பிஎஸ்ஸை மில்லிசெகண்டாக மாற்றிப் பார்க்கப் பழகு. இந்தத் தொழிலில் பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ப்ராசஸர் முதலில் கணக்குப் போடுகிறது: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும். அந்தப் பட்டியலை வாங்கித்தான் கார்டு வரைகிறது. கார்டு ஒரு ஃப்ரேமை வரையும்போதே ப்ராசஸர் அடுத்ததைத் தயார் செய்வதால், இரண்டில் எது மெதுவோ அதன் வேகமே திரையில் தெரியும். கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சித்தாள் கலவை கொண்டு வந்தால்தான் அடுத்த வரிசை ஏறும்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு கேமில் ப்ராசஸருக்கு ஃப்ரேமுக்கு 12 மில்லிசெகண்ட், பழைய கார்டுக்கு 25 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வை. 1000-ஐ 25-ஆல் வகுத்தால் 40. திரையில் 40 எஃப்பிஎஸ். புது கார்டு அதே வேலையை 8 மில்லிசெகண்டில் முடிக்கிறது. அது தனியாக இருந்தால் 125 தரும். ஆனால் ப்ராசஸர் 12 கேட்கிறதே, அதனால் 83-தான் வரும். வாடிக்கையாளர் 125 வரவில்லை என்று புலம்புவார். 40 இருந்த இடத்தில் 83 வந்திருப்பதை நீதான் காட்ட வேண்டும். மிச்சமிருக்கும் 4 மில்லிசெகண்டும் வீணில்லை. கார்டு வரைய வேண்டியது 1080பி-யில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம். மானிட்டர் இடம் கொடுத்தால் ரெசல்யூஷனை ஏற்றலாம், நிழல், டெக்ஸ்சர் எல்லாவற்றையும் கூட்டலாம். கார்டின் நேரம் 12-ஐத் தாண்டாதவரை எஃப்பிஎஸ் இறங்காது, படம் மட்டும் அழகாகும்.

3. அளந்து பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதே. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம்; அதோடு வரும் ரிவாட்யூனரில் ஓரத்தில் எண்கள் ஓட விடு. வி-சிங்க்கையும் எஃப்பிஎஸ் லிமிட்டையும் முதலில் அணை. இல்லாவிட்டால் கார்டு சும்மா இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும். கார்டு உபயோகம் 97, 98 என்று நின்றால் கார்டுதான் எல்லை; ப்ராசஸர் மேல் பழி போடாதே. 60, 65 என்று தள்ளாடினால் அது யாருக்காகவோ காத்திருக்கிறது.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. “ப்ராசஸர் 40 சதவீதம்தான் காட்டுது, அது எப்படி மெதுவாகும்?” என்று கேட்பார்கள். அந்த 40 எல்லா த்ரெட்டுகளின் சராசரி. எட்டு த்ரெட் உள்ள ப்ராசஸரில் ஒன்று மட்டும் முழுக்கத் திணறினால் மொத்தக் கணக்கில் அது 12.5 சதவீதம்தான். கேமின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒரே த்ரெட்டில் குவிகிறது. கோர்களைத் தனித்தனியாகத் திறந்து பார். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கு. கார்டின் வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அப்போதும் எஃப்பிஎஸ் அசையவில்லை என்றால் ப்ராசஸர் பக்கம்தான் கோளாறு. சராசரியை மட்டும் பார்க்காமல் ‘1 பர்சென்ட் லோ’ எண்ணையும், அதாவது மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தையும் பார். சராசரி 80 காட்டி, திரும்பும்போதெல்லாம் 25-க்கு விழுகிற கேமை ஆட முடியாது. பழைய நாலு கோர் ப்ராசஸர்களின் வியாதி அது.

4. ப்ராசஸரைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபினட்டைத் திற. நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் ஹீட்சிங்க் கம்பளி போர்த்திக் கொண்டிருக்கும். இன்டெலோடு வரும் கூலரில் நாலு கால்; அதில் ஒன்று மெல்ல எழும்பி நிற்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரல் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று இறங்கும். பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாகியிருக்கும். 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் எந்தக் கார்டு போட்டாலும் தடுமாறும். ப்ளோயர் அடித்து, பேஸ்ட் மாற்றிவிட்டு மறுபடி அள.

அப்படியே ராமையும் பார். ஒற்றை ஸ்டிக்காக 16 ஜிபி போட்டிருந்தால் ப்ராசஸருக்குக் கிடைப்பது பாதி வழிதான். இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காக இருந்தால், அதுவும் ரைசனில், சில கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 3200 என்று விற்ற ராம், பயாஸில் எக்ஸ்எம்பி போடாததால் 2133-ல் ஓடிக்கொண்டிருப்பதும் சாதாரணம்.

5. எந்த செட்டிங் யார் தலையில் விழுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள். டெக்ஸ்சர், ஆன்டி-அலியாசிங் எல்லாம் கார்டுக்கு. சைபர்பங்க் 2077-ல் கூட்டத்தின் அடர்த்தி, திறந்தவெளி கேம்களில் எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பது ப்ராசஸருக்கு. ரே ட்ரேசிங் கார்டு வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது ப்ராசஸரையும் சேர்த்தே பிழியும். டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் உள்ளே ரெசல்யூஷனைக் குறைத்து கார்டின் பாரத்தை இறக்குகிறது. ஏற்கெனவே ப்ராசஸர் திணறும் இடத்தில் அதனால் ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது. ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு கதை. நடுநடுவே கார்டே ஃப்ரேம் செய்து செருகுவதால் எண் கூடும், கண்ணுக்கு வழவழப்பாகவும் இருக்கும். மவுஸுக்குக் கேம் பதில் சொல்லும் வேகம் மட்டும் கூடாது.

6. பழைய போர்டுக்குப் பொருந்தும் கார்டை எடுத்துக் கொடு. ஆர்டிஎக்ஸ் 4060 எட்டு லேன் கார்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-க்குச் செய்தது. 3.0 போர்டில் வழி பாதியாகும். கார்டின் 8 ஜிபி நிரம்பாதவரை நஷ்டம் பெரிதாகத் தெரியாது. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நாலே லேன், 4 ஜிபி. பழைய போர்டில் போட்டால் நன்றாகவே அடி வாங்கும். பழைய செட்டுக்கு விலை குறைந்த கார்டு என்று அதைத் தள்ளிவிடாதே.

இன்டெல் ஆர்க் கார்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே வீச்சில் எட்டும் வசதி) இல்லாத போர்டில் அவை பாதி உயிரோடுதான் ஓடும். 2024 டிசம்பரில் வந்த பி580 கொடுத்த காசுக்கு நல்ல கார்டு. ஆனால் அதன் டிரைவர் ப்ராசஸரிடம் நிறைய வேலை வாங்குகிறது. ரைசன் 5 2600 மாதிரி ப்ராசஸரில் சில கேம்களில் அது படுத்துவிடுவதைச் சோதித்தவர்கள் அடுத்த மாதமே காட்டிவிட்டார்கள்.

7. இரண்டு கோர், இரண்டு த்ரெட் என்றால் கார்டை விற்காதே. 2014-லேயே ஃபார் க்ரை 4 அப்படிப்பட்ட பென்டியத்தில் கறுப்புத் திரை காட்டி நின்றது.

8. சாக்கெட்டைப் பார்த்து வழி சொல். பி450 போர்டும் ரைசன் 5 2600-ம் வைத்திருப்பவர் அதிர்ஷ்டக்காரர்: பயாஸ் அப்டேட் செய்து 2022-ன் ரைசன் 5 5600-ஐ அதே போர்டில் உட்கார வைக்கலாம், ராமும் மாற்ற வேண்டாம். 96 எம்பி எல்3 கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி கிடைத்தால் இன்னும் நல்லது. கேம்களுக்கு அந்தக் கேஷ் அப்படி உதவும். ஃபோர்த் ஜென் ஐ5-4460 வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. செகண்ட்ஸில் ஐ7-4790 வாங்கினால் எட்டு த்ரெட் கிடைக்கும், திக்கித் திக்கி ஓடுவது குறையும். அதற்கு மேல் போக வேண்டும் என்றால் போர்டு, ராம், ப்ராசஸர் மூன்றும் புதிதாக வேண்டும். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ன் பட்டியல் இன்டெலில் எய்த் ஜென்னிலிருந்துதான் தொடங்குகிறது. இதையும் அவரிடம் சொல்லிவிடு. கார்டை இன்று வாங்கி, செட்டை அடுத்த வருஷம் மாற்றுவதில் தப்பில்லை. கார்டு புது செட்டுக்கும் கூடவே வரும்.

9. எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, கேபினட்டோடு ஓசியில் வந்ததா என்று கேள். ஆம் என்றால் கார்டு பட்ஜெட்டிலிருந்து அதற்குப் பணம் ஒதுக்கச் சொல். இதில் பேரம் கிடையாது.

10. ப்ராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் போட்டால் “23 சதவீதம் பாட்டில்நெக்” என்று கக்கும் கால்குலேட்டர்களைக் காட்டிக்கொண்டு வருவார்கள். என்ன கேம், என்ன ரெசல்யூஷன் என்று தெரியாமல் சதவீதம் எங்கிருந்து வரும்? சண்டை போடாதே, மூன்றாவது பாயிண்டில் சொன்னதை அவர் எதிரிலேயே செய்து காட்டு.

11. கார்டு போட்டுக் கொடுத்த மறுநாள் “ஒரு வித்தியாசமும் இல்லை” என்று போன் வந்தால், மானிட்டர் கேபிள் எதில் செருகியிருக்கிறது என்று முதலில் கேள். எட்டாவது பாயிண்டில் சொன்ன ஐ5 மாதிரி ப்ராசஸருக்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் மதர்போர்டில் செருகினாலும் சில போர்டுகளில் படம் வரும், புது கார்டு பக்கத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கேபிள் சரி என்றால், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-ல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்.