பழைய எஞ்சினுக்குக் கவர்னர் பூட்டுதல்

1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதானபோது, வன்னியில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பழைய எஞ்சினையும் பயன்படுத்தலாம் என்பதை நம் மக்கள் அன்று காட்டினர். அத்தகைய கார் எஞ்சினால் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற விரும்பினால், அதற்குக் கவர்னர் பூட்ட வேண்டும். ஏன்?

ஓடும் காருக்குச் சாரதியின் காலே கவர்னர். நிறுத்தி வைத்த எஞ்சினுக்கு அந்தக் கால் இல்லை. நான்கு துருவப் பிறப்பாக்கி 50 சைக்கிள் மின்சாரம் தர, நிமிடத்திற்கு 1500 முறை சுழல வேண்டும். விளக்குகளை அணைத்தால் சுமை குறைந்து வேகம் ஏறும், கூட்டினால் இறங்கும்.

1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குப் பூட்டிய கவர்னரின் தத்துவமே இங்கும். வேகம் ஏறினால் சுழலும் குண்டுகள் விரிந்து, கபிரேற்றரின் வாயிலை மூடும். வேகம் இறங்கினால் ஸ்பிறிங் அதைத் திறக்கும்.

ஆபத்தும் இங்கேதான். கவர்னரைச் சுழற்றும் பெல்ற் அறுந்தால் குண்டுகள் நின்றுவிடும். ஸ்பிறிங் வாயிலை முழுதாகத் திறக்கும். எஞ்சின் கட்டுமீறி ஓடிச் சிதறலாம். ஆகவே பெல்ற்றின் மேல் ஓர் உருளையைச் சாயவிட்டு, பெல்ற் அறுந்ததும் உருளை விழுந்து தீப்பொறி மின்சாரத்தை நிறுத்துமாறு சுவிட்ச் அமைப்போம்.

சோதிக்கும் முறை: கபிரேற்றருக்குச் செல்லும் கவர்னர் கம்பியையும் பெல்ற்றையும் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். தீப்பொறி வரக்கூடாது. வந்தால், அந்த எஞ்சினுக்கு அருகே எவரையும் விடாதீர்கள்.