ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்கா வரை: தூரமும் நேரமும்



கோடை விடுமுறையில் அம்மம்மாவைக் காணச் செல்லவிருக்கும் பிள்ளைகள் நம் வகுப்பில் இரு வினாக்களை எழுப்புவர். இலங்கை எவ்வளவு தூரம்? போய்ச்சேர எத்தனை மணித்தியாலம்? இவற்றுக்கு விடை காண்பதே இப்பாடமாகும்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ரொறன்ரோவையும் கட்டுநாயக்காவையும் அடிமட்டத்தால் இணைத்துப் பாருங்கள். கோடு அத்திலாந்திக் பெருங்கடல், சகாராப் பாலைவனம், அரபிக்கடல் ஆகியவற்றைக் கடந்து செல்லும். இதுவே மிகக் குறுகிய வழி போலத் தோன்றும். ஆனால் உண்மை அதுவன்று. புவி உருண்டை, படமோ தட்டை. உருண்டையைத் தட்டையாக்கும்போது தூரங்கள் திரிபடைகின்றன.

இனி, பூகோள உருண்டை ஒன்றின்மீது இவ்விரு இடங்களையும் ஒரு நூலால் இறுக இணையுங்கள். நூல் வடக்கே ஏறி, கிறீன்லாந்து, நோர்வேயின் வடபகுதி, இரசியா ஆகியவற்றின் மேலாகச் சென்று, பின்னர் தெற்கே இறங்கும். இதனைப் பெருவட்டப் பாதை என்பர். இதன் நீளம் ஏறத்தாழ 14,000 கி.மீ.

இலண்டன் வழியாகச் சென்றால் என்ன? ரொறன்ரோவிலிருந்து ஹீத்ரோ 5,700 கி.மீ. அங்கிருந்து கட்டுநாயக்கா 8,700 கி.மீ. மொத்தம் 14,400 கி.மீ. சுற்றுவழி போலத் தோன்றினும், கூடுவது 400 கி.மீ. மட்டுமே.

விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், 14,400 ஐ 900 ஆல் வகுக்க 16 மணித்தியாலம் வரும். ஆயினும் ஏறவும் இறங்கவும் வேகம் குறைவதாலும், வான்வழிகள் வளைந்து செல்வதாலும், முதற் பயணத்துக்கு 7, அடுத்ததற்கு 11 என ஏறத்தாழ 18 மணித்தியாலம் ஆகும். மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடுங்காற்று வீசுகிறது. ஆதலால் இலண்டனிலிருந்து ரொறன்ரோ திரும்புகையில் 8 மணித்தியாலம் வரை செல்லும்.

கடிகாரத்தையும் மறவாதீர்கள். கோடையில் இலங்கை நேரம் நமது நேரத்தைவிட 9½ மணித்தியாலம் முந்தியது, மாரியில் 10½. சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் புறப்பட்டு, இலண்டனில் 4 மணித்தியாலம் தரித்துச் சென்றால், 22 மணித்தியாலத்தில் போய்ச்சேர்வோம். அப்போது ரொறன்ரோவில் ஞாயிறு மாலை 4 மணி. அங்கோ திங்கள் அதிகாலை 1.30 மணி.

தாயகத்தில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, கனடாவைப் படத்தின் இடப்பக்க ஓரத்தில் பிரம்பால் தொட்டுக் காட்டினோம். அங்கேயே வாழ நேருமென அன்று எண்ணியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு தரைவழியே ஏறத்தாழ 400 கி.மீ. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், அத்தூரத்தைக் கடக்க அனுமதிக்கும் கப்பலுக்குமாக வாரக்கணக்கிற் காத்திருந்தோம். இன்று அவ்வீதி திறந்துள்ளது. பேருந்தில் ஓர் இரவில் சென்றடையலாம். தூரம் மாறவில்லை, நேரமே மாறியது. வழி திறந்திருக்கிறதா என்பதும் கணக்கிற் சேர வேண்டிய ஒன்று.

பயிற்சி: உங்கள் பெற்றோர் ஊரிலிருந்து புறப்பட்டு இந்நாட்டை வந்தடைய எத்தனை நாள் சென்றன? எவ்வழியாக வந்தனர்? கேட்டறிந்து, பூகோள உருண்டையில் நூலிட்டுப் பார்த்து, தமிழில் பத்து வரிகள் எழுதி வாருங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது மறைக்காது கூறுங்கள்.