கொள்முதலுக்கு மும்பை செல்வோர் கவனத்திற்கு

நம் உறுப்பினர்களில் பலர் கொள்முதலுக்கு மும்பை போய் வருகிறார்கள். முதன்முறை போகிறவர் சரக்கில் ஏமாறுவதைவிட வழியில் ஏமாறுவதுதான் அதிகம். ஆகவே இம்முறை சரக்கை விட்டுவிட்டு வழியைப் படிப்போம்.

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஊர். மொத்தக் கடைவீதிகள் தென்பகுதியில் இருக்கின்றன. ஜவுளிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட், மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்; நகைக்கு ஜவேரி பஜார்; எலெக்ட்ரிகல் சாமான்களுக்கு லோகார் சால். எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரமே. மளிகை, தானிய வியாபாரிகள் நவி மும்பையில் உள்ள வாஷி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அதற்கு ஹார்பர் லைனில் பன்வேல் வண்டி.

மின்சார ரயிலில் மேற்கு லைன் சர்ச்கேட்டிலிருந்தும், சென்ட்ரல், ஹார்பர் லைன்கள் சி.எஸ்.எம்.டி.யிலிருந்தும் புறப்படுகின்றன. மேற்கும் சென்ட்ரலும் சந்திக்கும் இடம் தாதர். கடைவீதிக்கு அருகில் உள்ள மஸ்ஜித் நிலையத்தில் ஃபாஸ்ட் வண்டி நிற்காது. ஸ்லோ வண்டியில்தான் ஏற வேண்டும். முதல் வகுப்புப் பெட்டி வெளிப்பார்வைக்கு மற்றதைப் போலவே இருக்கும். பக்கவாட்டில் உள்ள கோடுகளைப் பார்த்து ஏறுங்கள், இல்லாவிட்டால் அபராதம்.

காலையில் கூட்டம் தெற்கு நோக்கி, மாலையில் வடக்கு நோக்கி. இதை அறியாமல் நான் பட்டது கொஞ்சமல்ல. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கையில், மாலை ஆறரைக்கு மஸ்ஜித்தில் இரண்டு பைகளோடு ஏறினேன். தாதரில் இறங்கி இரவு சென்னை வண்டியைப் பிடிக்க வேண்டும். தாதர் வந்தது, கதவை நெருங்கவே முடியவில்லை. மாட்டுங்காவிலும் அதே கதை. சயானில்தான் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே விழுந்தேன். திரும்பி வருவதற்குள் வண்டி போய்விட்டது. டிக்கெட் பணத்தை விடுங்கள், கடையில் எனக்காகக் காத்திருந்த சரக்கு இரண்டு நாள் பிந்தியது. தீபாவளி நேரத்தில் இரண்டு நாள் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளூர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிறகுதான் கவனித்தேன். இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு நிலையம் முன்பே கதவுப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உத்ரேங்கே?" என்று கேட்கிறார்கள். அவர் இறங்குகிறவர் என்றால் பின்னாலேயே நிற்கலாம். இல்லையென்றால் அவர் ஒதுங்கி வழிவிடுவார். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தி தெரியாதவருக்கும் இந்த இரண்டு வார்த்தை போதும். மூட்டை இருந்தால் சரக்குப் பெட்டியில் ஏறுங்கள்; பெரிய கட்டுகளைப் பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டுக் கைவீசி வருவது உத்தமம்.

ஆட்டோ மேற்கே பாந்த்ராவோடும் கிழக்கே சயானோடும் சரி. அதற்குத் தெற்கே டாக்சிதான், மீட்டர் போடச் சொல்லுங்கள். விமானத்தில் வருகிறவருக்கு 2025 அக்டோபர் முதல் நல்ல வசதி: விமான நிலையத்தில் ஏறினால் பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ நேரே கால்பாதேவியில், ஜவுளிக் கடைவீதிப் பக்கமே இறக்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்காதீர்கள். கடைகள் பெரும்பாலும் அடைப்பு. பராமரிப்பு வேலைக்காக ரயில்களையும் சில மணி நேரம் நிறுத்துவார்கள்.